கொல்லிமலையும் குன்றா இளமையும்



கொல்லிமலை என்றவுடன் தமிழ் படித்தவர் நெஞ்சில் இரண்டு உருவங்கள் எழும். ஒன்று வல்வில் ஓரி, மற்றொன்று கொல்லிப்பாவை. காற்று மோதினாலும், மழை விரைந்து பெய்தாலும், இடி இறங்கினாலும், நிலமே அதிர்ந்தாலும் தன் வனப்பு மாறாமல் நிற்பவள் அந்தப் பாவை என்று நற்றிணைப் பாடல் ஒன்று அவளைப் போற்றுகிறது. மூப்பு அணுகாத அழகுக்குத் தமிழ்க் கவிதை கண்ட உவமை அவள்.

அதே மலையில், இருபதாம் நூற்றாண்டில், மூப்பு முழுவதுமாக அணுகிய ஒரு பெண்ணும் வாழ்ந்தார். முகம் சுருங்கியது, இடுப்பு எலும்பு முறிந்தது, கால்கள் நிலைகொள்ள மறுத்தன. ஆயினும் அவரை அறிந்தவர் எவரும் அவரை ஓய்ந்தவர் என்று சொன்னதில்லை. அவர் பெயர் ஈவ்லின் பிராண்ட். 'பிராண்ட் பாட்டி' என்றே உலகம் அவரை அறிந்தது. மூத்தும் இளமையாக இருப்பது எப்படி என்னும் கேள்விக்குக் கிறித்தவ நெறி தரும் விடையை நூல்களில் தேடுவதைவிட அந்த வாழ்க்கையில் தேடுவது எளிது.

கொல்லிமலையின் ஊர்த்தொகுதிகள் 'நாடு' என்னும் பழைய பெயரை இன்றும் விடாமல் வைத்திருக்கின்றன. தேவனூர் நாடு, வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, சேலூர் நாடு, குண்டூர் நாடு என்று அவை விரியும். சாமையும் தினையும் கேழ்வரகும் விளைவித்து வாழ்ந்த மலையாளிப் பழங்குடி மக்களின் நிலம் இது. இன்று எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து பேருந்து மேலே செல்கிறது. 1913ஆம் ஆண்டில் அத்தகைய சாலை ஏதும் இல்லை. நடந்தோ, மட்டக்குதிரையிலோ, டோலியிலோதான் ஏற வேண்டும். அந்த ஆண்டில்தான் ஜெசி பிராண்டும் அவரை மணந்த ஈவ்லினும் மலையேறினர். வாழவந்தியில் குடியமர்ந்தனர்.

ஈவ்லின் 1879இல் இங்கிலாந்தில் வசதியான குடும்பம் ஒன்றில் பிறந்தவர், ஓவியம் பயின்றவர். 1911இல் சமயத் தொண்டுக்காகச் சென்னைக்கு வந்தபோது அவருக்கு வயது முப்பத்திரண்டு. கணவர் ஜெசி கட்டடத் தொழில் தெரிந்தவர். ஓரளவு மருத்துவமும் கற்றவர். காய்ச்சலுக்கு மருந்து கொடுப்பதும், பள்ளி நடத்துவதும், மரக்கன்று நடுவதும், நற்செய்தி சொல்வதும் அவ்விருவருக்கும் வெவ்வேறு வேலைகளாகத் தோன்றவில்லை. கொல்லியோடு நிற்காமல் சுற்றியுள்ள மலைத்தொடர்களுக்கும் செல்ல வேண்டும் என்பது அவர்களது கனவு.

கனவு பாதியில் நின்றது. 1929 ஜூனில் மலைக்காய்ச்சலின் கொடிய வடிவமான கருநீர்க் காய்ச்சல் ஜெசியைக் கொண்டுபோயிற்று. ஈவ்லினுக்கு அப்போது வயது ஐம்பது. மகன் பாலும் மகள் கானியும் படிப்புக்காக 1923லேயே இங்கிலாந்தில் விடப்பட்டிருந்தனர். ஒன்பது வயதில் தந்தையைப் பிரிந்த அந்த மகன் மீண்டும் அவரைக் காணவே இல்லை. பேரார்வத்தின் விலையை எப்போதும் ஆர்வம் கொண்டவர் மட்டுமே கொடுப்பதில்லை, பிள்ளைகளும் கொடுக்கிறார்கள். இந்த வாழ்க்கையைப் புகழ்வோர் அதையும் மறைக்காமல் சொல்வதே அறம்.

இங்கே பிசிராந்தையாரை நினைவுகூர்வது பொருந்தும். ஆண்டு பல ஆகியும் நரை தோன்றாதது எவ்வாறு என்று அவரிடம் கேட்டார்கள். மாட்சிமிக்க மனைவி, அறிவு நிரம்பிய மக்கள், குறிப்பறியும் ஏவலர், நெறி தவறாத அரசன், சான்றோர் நிறைந்த ஊர் என்று அவர் காரணங்களை அடுக்கினார். புறநானூற்றில் இடம்பெற்ற அந்த விடையைத் தமிழர் ஈராயிரம் ஆண்டுகளாகப் போற்றிவருகின்றனர். கவலையற்ற சூழல் மனிதனை இளமையாக வைக்கிறது என்பது உண்மையே.

ஆனால் அக்காரணங்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்துபோனவர் என்ன செய்வது? வாழ்க்கைத்துணை மறைந்து, மக்கள் தொலைவில் இருந்து, பணியும் கையைவிட்டுப் போகும் காலத்தில் இளமைக்கு எது காரணமாக முடியும்? பிசிராந்தையார் விடை சொல்லத் தேவையில்லாத கேள்வி இது. ஈவ்லின் பிராண்டுக்கோ இதற்கு விடை சொல்லாமல் வாழவே முடியாது என்ற நிலை.

துயரத்தோடு இங்கிலாந்து சென்றவர் விரைவில் திரும்பிவந்தார். அமைப்பு அவரைச் சமவெளியில் பணியமர்த்தியது. உள்ளம் மலையிலேயே இருந்தது. 1947இல் அவருக்கு அறுபத்தெட்டு வயதானபோது, இனி ஐந்தாண்டுப் பணிக்காலம் நீட்டிக்க இயலாது என்று இலண்டனில் முடிவு செய்தனர். அந்த முடிவில் கொடுமை ஏதும் இல்லை. முதியவரைத் தனியே அனுப்பி ஆபத்துக்குள்ளாக்க எந்த அமைப்பும் தயங்கும். அவர் ஓராண்டு மட்டும் கேட்டார். தயக்கத்தோடு அது வழங்கப்பட்டது. ஆண்டு முடிந்தது. உடன்பணியாற்றியோர் பிரியாவிடை கொடுக்கக் கூடினர். அப்போதுதான் அவர் தம் எண்ணத்தை வெளியிட்டார். பணியிலிருந்துதான் ஓய்வு, தாயகம் திரும்பப் போவதில்லை. மீண்டும் மலைக்கே செல்லப்போகிறார்!

ஏறத்தாழ எழுபது வயதில், ஊதியம் தரும் அமைப்பின் துணையின்றி, ஒரு பெண் தன் வாழ்வின் மிக நீண்ட பணியைத் தொடங்கினார் என்பது எண்ணத்தக்கது. அதன்பின் அவர் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். கொல்லியிலிருந்து கல்வராயன்மலை, பச்சைமலை என்று அடுத்தடுத்த மலைகளுக்குச் சென்றார். கணவரும் தாமும் கண்ட பழைய கனவை ஒவ்வொரு மலையாக எடுத்துத் தொடர்ந்தார்.

அப்பணியில் ஒரு பகுதியை மட்டும் இங்கே சொல்லலாம். நரம்புச்சிலந்தி என்னும் நோய் அந்நாளில் மலையூர்களை வாட்டியது. நோயாளி கிணற்றில் இறங்கும்போது காலில் உள்ள புண்ணிலிருந்து புழுவின் குஞ்சுகள் நீரில் கலக்கும். நீரில் வாழும் நுண்ணுயிர் அவற்றை உண்ணும். அந்நீரைக் குடிப்பவர் உடலில் ஓராண்டுக்குள் நீண்ட புழு வளர்ந்து, தோலைத் துளைத்து வெளிவரும். கிணற்றில் எவரும் இறங்காதபடி கல்சுவர் எழுப்பினால் இந்தச் சுழல் அறுந்துவிடும். அந்த முதியவர் ஊர் ஊராகச் சென்று சுவர் எழுப்பக் கற்பித்தார். 2000ஆம் ஆண்டில் இந்தியா இந்நோயிலிருந்து விடுபட்டது என்று உலக நலவாழ்வு நிறுவனம் சான்றளித்தது. அந்த நாளை அவர் காணவில்லை. எனினும் தாம் காணப்போகாத நாளுக்காகக் கல் சுமக்கச் சொல்வது முதியவரால்தான் முடியும். அதை மகிழ்ச்சியோடு செய்வது இளமையால்தான் முடியும்.

உடல் அவரோடு ஒத்துழைக்கவில்லை. விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டார். நரம்புத் தளர்ச்சியால் நடையின் சமநிலை போயிற்று. கைக்கொன்றாக இரண்டு மூங்கில் கழிகளை ஊன்றி நடந்தார். நடக்க இயலாத தொலைவுக்கு மட்டக்குதிரை. மகன் பால் பிராண்ட் அந்நாளில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளரின் மடங்கிய விரல்களை அறுவை மருத்துவத்தால் நிமிர்த்தி உலகப் புகழ் பெற்றவர். மலையேறிச் சென்று தாயை ஓய்வு கொள்ளுமாறு வேண்டினார். மருத்துவரின் அறிவுரை தோற்றது. தேவைப்படும் இடத்தில் பயன்படாவிட்டால் இந்தப் பழைய உடலைக் காத்து வைப்பதில் என்ன பொருள் என்பதே தாயின் வாதம்.

கழி ஊன்றிய முதுமையைத் தமிழ்க் கவிதை முன்பே பாடியிருக்கிறது. தொடித்தலை விழுத்தண்டினார் என்னும் புலவருக்குப் பெயரே கைக்கழியால் வந்தது. இளம்பருவத்து நீர்விளையாட்டை எண்ணி, அந்த இளமை எங்கே போயிற்று என்று இரங்கும் அவர் பாட்டு உலகக் கவிதைகளுள் ஒன்றாக வைக்கத்தக்கது. அதில் பொய் இல்லை. சென்ற இளமை திரும்புவதில்லை.

கிறித்தவ மறையும் அதை மறுப்பதில்லை. பிரசங்கியின் நூல் மூப்பைப் பாழடையும் வீட்டுக்கு ஒப்பிட்டு அச்சமூட்டும் அளவுக்கு உண்மையாக வரைகிறது. ஆயினும் அதே மறையில் ஆபிரகாம் எழுபத்தைந்தாம் வயதில் ஊரைவிட்டுப் புறப்படுகிறார். காலேப் எண்பத்தைந்தாம் வயதில் யோசுவாவிடம் வந்து, எளிய சமவெளியைக் கேட்காமல் பகைவர் வாழும் மலைநாட்டைக் கேட்கிறார். எண்பத்து நான்கு ஆண்டு கண்ட அன்னாள் என்னும் கைம்பெண், குழந்தை இயேசுவைக் கண்டவுடன் எல்லாருக்கும் அச்செய்தியைச் சொல்லத் தொடங்குகிறார். இரவில் வந்த நிக்கோதேமு, முதியவன் மீண்டும் பிறப்பது எப்படி என்று கேட்கிறார். சென்ற இளமைக்குத் திரும்பும் வழி அவருக்குக் காட்டப்படவில்லை. மேலிருந்து புதிதாகத் தொடங்கும் பிறப்பே காட்டப்பட்டது.

காலேபுக்கும் ஈவ்லினுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. தன் உடல்வலிமை நாற்பது வயதில் இருந்ததுபோலவே இருக்கிறது என்று காலேபால் சொல்ல முடிந்தது. ஈவ்லினால் சொல்ல முடியவில்லை. புறத்தே உள்ள மனிதன் அழிந்தாலும் அகத்தே உள்ளவன் நாள்தோறும் புதிதாகிறான் என்று பவுலடிகள் கொரிந்தியருக்கு எழுதிய கருத்துக்கே அவர் சான்றானார். ஆகவே அவரது இளமை வலிமை அன்று, நலம் அன்று, அழகும் அன்று. இன்னும் சென்று சேராத ஊர் ஒன்று எப்போதும் அவர் கண்முன் இருந்தது. அந்த ஊரில் அவரது உதவி வேண்டிய ஒருவர் இருந்தார். அதுவே அவரது இளமை. கடந்த நாளை எண்ண அவருக்கு உரிமை இருந்தது, நேரம்தான் இல்லை.

வாழ்வின் கடைசி இருபது ஆண்டுகளில் அவர் தம் வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடி வைத்துக்கொள்ளவில்லை என்று மகன் எழுதியிருக்கிறார். ஓவியம் பயின்ற ஒருவர் இதைச் செய்தார் என்பதில் பொருள் இருக்கிறது. காண்பதை அவர் துறக்கவில்லை. தம்மைக் காண்பதை மட்டுமே துறந்தார். மலையையும் மக்களையும் பார்க்கக் கண்கள் முழுமையாகக் கிடைத்தன.

பத்தாண்டு நிறைவு காணும் இலக்கிய வட்டம் ஒன்றுக்கு இந்தச் செய்தி அயலானது அன்று. கவிஞருக்கும் ஒரு கண்ணாடி உண்டு. முன்பு பாராட்டுப் பெற்ற கவிதையே அது. அதன்முன் நின்று அதே முகத்தை மீண்டும் மீண்டும் திருத்திக்கொண்டிருப்பவர் முப்பது வயதிலும் மூத்துவிடுகிறார். கிளைமொழியில் ஒரு புதுச்சொல் கேட்டால் அதை எழுதிக்கொள்ளும் முதியவர், நேற்று எழுதத் தொடங்கிய இளைஞனின் முதற் கவிதையைப் பொறாமையின்றிக் கேட்கும் முதியவர், நிறைவேறுமா என்று தெரியாத காப்பியத்தின் முதல் வரியை எழுபதில் எழுதுபவர் ஆகியோருக்கு நரை ஒரு செய்தியே அன்று. வட்டம் ஒன்று இளமையோடு இருப்பதும் அவ்வாறே. பழைய ஆண்டுவிழாப் படங்களை எண்ணுவதால் அது நிகழாது. அடுத்த கூட்டத்தில் யார் புதிதாக வந்து அமரப்போகிறார் என்று வாயிலைப் பார்ப்பதால் நிகழும்.

1974 டிசம்பரில், தொண்ணூற்றைந்தாம் வயதில் ஈவ்லின் பிராண்ட் மறைந்தார். அவர் விரும்பியபடியே எளிய பருத்தித் துணி ஒன்றில் சுற்றி, தம் உடல் மண்ணோடு கலந்து புதிய உயிர்க்கு உரமாகும் வண்ணம் அடக்கம் செய்தனர். கொல்லிமலை மண்ணில், நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் மறைந்த கணவரின் அருகே அவர் துயில்கிறார்.

கொல்லிப்பாவை மாறாமல் நின்றவள். ஆகவே அவள் அழகு நிலைத்தது. இந்த அம்மையார் முழுவதும் மாறினார். நரைத்தார், தளர்ந்தார், மண்ணானார். அவர் கற்பித்தபடி எழுந்த கல்சுவர்களுக்குள் கிணற்று நீர் தூய்மையாக இருந்தது. அதைக் குடித்த குழந்தைகள் நோயின்றி வளர்ந்தார்கள். மூப்பு அடைய இருக்கும் ஒவ்வொருவருக்கும் கொல்லிமலை இந்த இரண்டு பெண்களையும் காட்டுகிறது. பாவையாக நிற்க எவராலும் முடியாது. பாட்டியாகப் புறப்பட எவராலும் முடியும்.