நனைஞ்ச தீப்பெட்டியும் அப்பாயியோட பவுடர் டப்பாவும்

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிப்பதற்கு வசதியாகச் சில இடங்களில் சுருக்கப்பட்டிருக்கிறது.)

போன எபிசோட் கேட்டுட்டு நிறைய பேர் "ட்ரெக்கிங் பை-ல என்ன எடுத்துட்டுப் போகணும்"னு கேட்டிருந்தீங்க. இன்னைக்கு அதுல ஒரே ஒரு விஷயம் மட்டும் பேசுறேன்: மழையில நெருப்பு பத்த வைக்கிறது. இதுல எனக்கு ஒரு சொந்த அவமானம் இருக்கு. அதுலேர்ந்து ஆரம்பிக்கிறேன்.

எனக்கு ஊர் முசிறி. காவிரிக்கு வடகரை, எதிர்க்கரையில குளித்தலை. எங்க ஊர்லேர்ந்து துறையூர் போய், அங்கேர்ந்து கொல்லிமலை அடிவாரத்துக்குப் போனா புளியஞ்சோலை. திருச்சி பசங்க பாதிப்பேர் ஒரு தடவையாவது அங்க ஓடையில குளிச்சிருப்பீங்க. ரெண்டு வருஷம் முன்னாடி ஐப்பசி மாசம், நாங்க ஆறு பேர் அந்தப் பக்கம் போனோம். காட்டுக்குள்ள இல்ல, அடிவாரத்துக்குக் கொஞ்சம் முன்னாடியே ஃப்ரெண்டோட தென்னந்தோப்பு, அங்கதான் சமையல்னு திட்டம். எங்களோட வந்ததுல ஒருத்தன் என் சித்தப்பா பையன், காலேஜ் முதல் வருஷம், ஒல்லியா இருப்பான்.

மூணு மணிக்குப் பிடிச்ச மழை விடவே இல்ல. ஓடையிலேர்ந்து தோப்புக்கு வர்றதுக்குள்ள எல்லாரும் தொப்பலா நனைஞ்சிட்டோம். தங்குறதுக்குச் சுவர் இல்லாத தகரக் கொட்டகை. மலையிலேர்ந்து காத்து நேரா வந்து அறையுது. தம்பிக்கு நடுக்கம் ஆரம்பிச்சிடுச்சு, பல்லு தந்தியடிக்குது. "இரு, நெருப்பு போட்டுடலாம்"னு பெரிய கேம்ப்பிங் நிபுணன் மாதிரி பையைத் திறந்தேன்.

உள்ள மூணு ஐட்டம். ஒண்ணு, கிச்சன்ல அடுப்பு பத்த வைக்கிற கேஸ் லைட்டர். ரெண்டு, ஒரு தீப்பெட்டி. மூணு, பெட்டிக்கடை லைட்டர். கேஸ் லைட்டர் "டிக் டிக்"னு சத்தம் போட்டுச்சு, அவ்வளவுதான். தீப்பெட்டி கஞ்சி மாதிரி குழைஞ்சிருந்துச்சு. பெட்டிக்கடை லைட்டர் சக்கரம் நனைஞ்சு வழுக்குது. நாப்பது நிமிஷம் போராடினோம். ஒருத்தன் பைக்லேர்ந்து பெட்ரோல் எடுக்கலாம்னான். நல்லவேளை, ட்யூபைக் கழட்டத் தெரியல.

அப்பத்தான் தோப்பைப் பாத்துக்கிற அக்கா சாக்கைக் கொங்காணியா மடிச்சுத் தலையில போட்டுக்கிட்டு வந்தாங்க. எங்களைப் பாத்தாங்க, தம்பியைப் பாத்தாங்க. "மொதல்ல அந்தப் பையன் சட்டையைக் கழட்டுங்கப்பா. நெருப்பு அப்புறம்"னாங்க.

ஆறு படிச்ச பசங்களுக்கு இது தோணல. ஈரத்துணி உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கிட்டே இருக்கும், காத்தும் சேர்ந்தா இன்னும் வேகமா. உடம்பு வெப்பம் ஆபத்தான அளவுக்கு இறங்குறதுக்குப் பனி பெய்யணும்னு அவசியமே இல்ல. 20 டிகிரி இருக்கிற இடத்துல மழையும் காத்தும் போதும். அதனால யாராவது நடுங்கினா முதல் வேலை ஈரத்துணி மாத்துறது, துவட்டுறது, காத்து படாம மூடுறது. நெருப்பு அதுக்கப்புறம். அவங்க வீட்டுலேர்ந்து ஒரு பழைய போர்வை வந்துச்சு, அவனைச் சுத்தி உக்கார வெச்சோம். அக்கா பத்து நிமிஷத்துல அடுப்பு மூட்டிட்டாங்க. எப்படின்னு பின்னாடி சொல்றேன்.

முதல்ல என் மூணு ஐட்டமும் ஏன் தோத்துச்சுன்னு பாக்கலாம்.

கிச்சன் லைட்டர்ல உள்ள ஒரு படிகத்தை சுத்தியல் மாதிரி ஒண்ணு அடிக்கும், அதுல ஒரு குட்டி மின்பொறி வரும். அந்தப் பொறி கேஸைப் பத்த வைக்கும், விறகை வைக்காது. காஞ்ச சருகைக்கூட வைக்காது. மழை இல்லாட்டியும் அது அங்க வேஸ்ட்தான். என் தப்பு.

தீப்பெட்டி கதை கொஞ்சம் சுவாரசியம். குச்சி தலையில முக்கியமா பொட்டாசியம் குளோரேட், கந்தகம். பெட்டியோட பக்கவாட்டுல செம்பாஸ்பரஸ், கண்ணாடித்தூள். ரெண்டும் உரசினாத்தான் தீ. இது எல்லாத்தையும் பிடிச்சு வெச்சிருக்கிறது பசை. அந்தப் பசை தண்ணியில இளகும், குளோரேட்டும் தண்ணியில கரையும். குச்சியை மட்டும் காப்பாத்திப் பிரயோஜனம் இல்ல. பெரும்பாலும் முதல்ல போறது பெட்டியோட உரசுற பட்டைதான். அட்டை ஊறினா பட்டை உரிஞ்சு வந்துடும்.

தீப்பெட்டி நம்ம ஊர்ல எங்க வளந்துச்சுன்னு யோசிச்சுப் பாருங்க. சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி. 1922-ல சிவகாசியிலேர்ந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் கத்துக்கிட்டு வந்து ஆரம்பிச்சது. மழை கம்மி, காத்து காஞ்சு இருக்கும், மருந்து வெச்ச குச்சி சீக்கிரம் உலரும். வறண்ட பூமியோட பிள்ளை அது. அதை நாம ஐப்பசி மழையில கொல்லிமலை அடிவாரத்துக்குக் கூட்டிட்டுப் போறோம், அதுவும் பாக்கெட்ல. 14 வருஷம் ஒரு ரூபாய்க்கு வித்த பெட்டி 2021 டிசம்பர்ல ரெண்டு ரூபாய் ஆச்சு. இன்னமும் இவ்வளவு மலிவா, இவ்வளவு நம்பகமான பொருள் வேற இல்ல. ஆனா உலர்ந்து இருக்கணும்.

லைட்டரைப் பத்தி ஒரு நல்ல செய்தி. சக்கர லைட்டர் நனைஞ்சா செத்துப் போகல, மயக்கம்தான். உதறுங்க, வாயால ஊதுங்க, சக்கரத்தைக் காஞ்ச துணியில நாலஞ்சு தடவை உருட்டுங்க. திரும்ப வரும். அன்னைக்கு எங்ககிட்ட காஞ்ச துணியே இல்ல, அதான் பிரச்சனை. 20 ரூபாய்க்குக் கீழ விலையுள்ள லைட்டர் இறக்குமதியை 2023 ஜூன்ல மத்திய அரசு தடை பண்ணுச்சு. தீப்பெட்டித் தொழில்காரங்க ரொம்ப நாளா கேட்டுக்கிட்டு இருந்தது அது. நீங்க வாங்கும்போது உள்ள கேஸ் தெரியுற மாதிரி ஒண்ணு வாங்குங்க. வெயில்ல நிக்கிற கார் டாஷ்போர்டுல மட்டும் வெக்காதீங்க, வெடிக்கும்.

அடுத்தது ஃபெர்ரோ ராட். யூட்யூப்ல எல்லாரும் கத்தியால சுரண்டிப் பொறி பறக்க விடுவாங்களே, அது. சிக்கிமுக்கிக் கல்லுன்னு நினைச்சுக்காதீங்க. 1903-ல கார்ல் அவுவர்னு ஒரு ஆஸ்திரிய விஞ்ஞானி கண்டுபிடிச்ச உலோகக் கலவை. லைட்டர் சக்கரத்துக்குக் கீழ இருக்கிற குட்டிக் கல்லும் இதுதான். தண்ணியில முக்கி எடுத்துத் துடைச்சாலும் பொறி வரும். தீர்ந்து போகவும் நாளாகும். ஆனா அது தர்றது பொறி மட்டும்தான், சுடர் இல்ல. பொறியைப் பிடிச்சுக்க ஏதாவது வேணும். முசிறி வீட்டு மாடியில மழையில நின்னு பழகினேன். கற்பூரத் துண்டை அப்படியே வெச்சா பிடிக்கவே மாட்டேங்குது. பஞ்சைப் பிரிச்சு வாஸ்லின் தடவி வெச்சா ரெண்டாவது சுரண்டல்ல பிடிச்சுது. பழகாம இதை மட்டும் நம்பிப் போகாதீங்க. கை நடுங்கும்போது இது இன்னும் கஷ்டம்.

இப்ப அந்த அக்கா விஷயம். அவங்ககிட்ட இருந்த கருவி அதே ரெண்டு ரூபாய் தீப்பெட்டி. மூடி போட்ட டப்பாவுல இருந்துச்சு, அவ்வளவுதான். வித்தை மத்ததுல இருந்துச்சு. தரையில கிடந்த விறகைத் தொடவே இல்ல. கொட்டகைக் கூரைக்கு அடியில செருகி வெச்சிருந்த பன்னாடையையும் பாளையையும் உருவினாங்க. சீமைக்கருவேலக் கட்டையை அரிவாளால பொளந்தாங்க. வெளிய சொதசொதன்னு இருந்தாலும் உள்ள காஞ்சுதான் இருந்துச்சு. அந்த உள் சிலாம்பை மட்டும் எடுத்துக்கிட்டாங்க. மூணு கல்லுக்கு நடுவுல ஈரத்தரை மேல குச்சியை வரிசையா பரப்பி, அதுக்கு மேல பன்னாடை, அதுக்குள்ள ரெண்டு கற்பூரம். ஒரே குச்சி. முதல்ல தீக்குச்சி தடிமன்ல சிலாம்பு, அப்புறம் விரல் தடிமன், கடைசியிலதான் கட்டை. நாங்க நேரா கட்டையைப் பத்த வைக்கப் பாத்துக்கிட்டு இருந்தோம் [சிரிப்பு].

கற்பூரத்தைப் பத்தி நமக்குத் தெரியாததா? ஆடிப்பெருக்குக்கு முசிறி படித்துறையில வெத்தலையில ஏத்தி ஆத்துல விடுறோம். தண்ணியில மிதந்துக்கிட்டே எரியும். வெளிநாட்டுக்காரன் காசு குடுத்து வாங்குற ஃபயர் ஸ்டார்ட்டர் நம்ம பூஜை அறையில கிடக்கு. ஒரே குறை, திறந்து வெச்சா காத்துல கரைஞ்சு போயிடும். அதுக்கும் இறுக்கமான மூடி வேணும்.

எங்க அப்பாயி தீப்பெட்டியை ஒரு பழைய பவுடர் டப்பாவுல, ஒரு பிடி அரிசியோட போட்டு வெச்சிருப்பாங்க. 2005 நவம்பர்ல திருச்சி பக்கமெல்லாம் வெள்ளம் வந்தப்ப, தெருவுல எல்லாருக்கும் விளக்கேத்தக் குச்சி குடுத்தது நான்தான்னு கடைசி வரைக்கும் சொல்லிக்கிட்டு இருந்தாங்க. அரிசியால பெருசா ஒண்ணும் ஆகாதுன்னு இப்ப எனக்குத் தெரியும். வேலை செஞ்சது மூடி. அதை அவங்ககிட்ட சொல்ல எனக்குத் தைரியம் வந்திருக்காது.

இன்னொரு விஷயம் சொல்லாம முடிக்க முடியாது. இதெல்லாம் தோப்பு, வீட்டு மாடி, அனுமதி உள்ள இடத்துக்கு. காப்புக்காட்டுக்குள்ள நெருப்பு போடுறது 1882-ஆம் வருஷத்து தமிழ்நாடு வனச்சட்டத்துலேயே குற்றம். 2018 மார்ச் 11-ல குரங்கணியில காட்டுத்தீயில சிக்கி இருபதுக்கும் மேல செத்துப் போனாங்க, நம்ம வயசுக்காரங்கதான் நிறைய. அதுக்கப்புறம்தான் ட்ரெக்கிங்குக்குத் தனி விதிமுறைகளே வந்துச்சு. 2024 அக்டோபர்ல வனத்துறை 40 பாதைகளோட ஆரம்பிச்ச 'ட்ரெக் தமிழ்நாடு'ல போறீங்கன்னா, அங்க உங்களுக்கு நெருப்பே தேவைப்படாது. ஒரு ஃபிளாஸ்க்ல சூடா சுக்குக் காப்பி, பிளாஸ்டிக் பையில சுத்தின காஞ்ச டீஷர்ட், அது போதும். அப்புறம் டென்ட்டுக்குள்ளயோ மூடின ரூமுக்குள்ளயோ கரி அடுப்பு வெச்சுத் தூங்கவே தூங்காதீங்க. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, முழிப்பு வராது.

இப்ப என் பையில என்ன இருக்குன்னா: ஜிப் கவர்ல ஒரு சக்கர லைட்டர். மூடி இறுக்கமான மாத்திரை டப்பாவுல இருபது குச்சி, கூடவே வெட்டி எடுத்த உரசுற பட்டை. இன்னொரு டப்பாவுல கற்பூரமும் வாஸ்லின் பஞ்சும். சைக்கிள் ட்யூப் துண்டு ரெண்டு. நாத்தம் தாங்காது, ஆனா ஈரத்துலயும் எரியும். லைட்டரும் குச்சியும் ஒரே பாக்கெட்ல இருக்காது. ஃபெர்ரோ ராட் சாவிக்கொத்துல தொங்குது, பாதி ஸ்டைலுக்கு.

தம்பி இப்ப மூணாவது வருஷம். அவன் பையில எப்பவும் ஒரு காஞ்ச டீஷர்ட் இருக்கு, தீப்பெட்டி இல்ல.

அடுத்த எபிசோட்ல மழைக்கோட்டு பத்திப் பேசலாம். உங்க வீட்டுல அப்பாயி, அம்மாயி யாராவது நமுத்துப் போன தீப்பெட்டிக்கு என்ன பண்ணுவாங்கன்னு வாய்ஸ் நோட் அனுப்புங்க, போடுறேன்.