அதே சட்டையா மறுபடியும்?

ஆபீஸ்ல, கல்யாண வீட்டுல, இன்ஸ்டா கமெண்ட்ல, எங்க போனாலும் காதுல விழற ஒரு கேள்வி இருக்கு: "அதே சட்டையா மறுபடியும்?" ஆமாங்க, அதே சட்டைதான். இன்னைக்கு எபிசோடு அதைப் பத்தித்தான்.

என்கிட்ட ஒரு கருநீல டீ-ஷர்ட் இருக்கு. 2019-ல் திருப்பூர் காதர்பேட்டையில் 250 ரூபாய்க்கு வாங்கினது. இதுவரைக்கும் எப்படியும் 300 தடவை போட்டிருப்பேன். ஒரு தடவைக்கு ஒரு ரூபாய்கூட ஆகலை. ஆன்லைன் சேல்ல 600 ரூபாய்க்கு வாங்கி மூணே தடவை போட்ட சட்டைன்னா, தடவைக்கு 200 ரூபாய். இந்தக் கணக்கை நிறைய பேர் சொல்லிட்டாங்க. எனக்கு முக்கியமாப் படுறது வேற கணக்கு.

நான் திருப்பூர்க்காரன். அப்பா சாயப்பட்டறையில் வேலை பார்த்தவர். 2011 ஜனவரியில், நொய்யல்ல கழிவு கலக்குற வழக்குல சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னப்போ நான் எட்டாவது படிச்சுக்கிட்டிருந்தேன். அப்பாவுக்குப் பல மாசம் வேலை இல்லை. மளிகைக் கடையில் நோட்டு போட்டுத்தான் சாமான் வாங்கினோம். அதே சமயம், ஆத்தோட கீழ்ப்பக்கம் ஒரத்துப்பாளையம் அணையை நினைச்சுப் பாருங்க. பாசனத்துக்காகக் கட்டின அணை. அதுல சாயத்தண்ணி தேங்கி, "தயவுசெஞ்சு இங்க தண்ணியைத் தேக்காதீங்க"ன்னு விவசாயிகளே கோர்ட்டுக்குப் போக வேண்டியதாச்சு. இதுல யார் பக்கம் நிக்கிறதுன்னு அந்த வயசுல எனக்குப் புரியலை. இப்போ நிறைய பட்டறைகள் தண்ணியைச் சுத்திகரிச்சுத் திரும்பப் பயன்படுத்துறாங்க. அதுக்கும் கரண்ட் செலவு உண்டு, கடைசியில் உப்புக் கழிவும் மிஞ்சும்.

அதாவது, நாம கடைக்குள்ள கால் வைக்கிறதுக்கு முன்னாடியே அந்தத் துணிக்கான விலையில் பெரும்பகுதியை யாரோ கொடுத்து முடிச்சிட்டாங்க. எங்க பாஷைல சொன்னா, பில்டு காஸ்ட் முடிஞ்சாச்சு, இனி ரன் பண்றதுக்கு ஆகுற செலவு கொஞ்சம்தான். மூணு தடவை போட்டாலும் முந்நூறு தடவை போட்டாலும் அந்த ஆறு கொடுத்தது ஒண்ணுதான்.

ஆனா இதுல ஆம்பளைங்க தப்பிச்சிடுறோம். ஸ்டீவ் ஜாப்ஸ் எப்பவும் அதே கருப்பு டர்டில்நெக் போட்டா அது ஸ்டைல். என் அக்கா ஒரே பட்டுப்புடவையை ரெண்டு விசேஷத்துக்குக் கட்டினா, "வீட்டுல ஏதும் சிரமமா கண்ணு?" என் டீம்ல ஒருத்தங்க, எந்தப் புடவையை எந்த ஃபங்ஷனுக்குக் கட்டினோம்னு போன்ல லிஸ்ட்டே வெச்சிருக்காங்க. ரிப்பீட் ஆகிடக் கூடாதாம்! அக்காவோட கல்யாணப் பட்டு நாலு வருஷம் பீரோவில் மடிச்ச மடிப்பிலேயே கிடந்துச்சு. எடுத்துப் பார்த்தா மடிப்பு ஓரமா ஜரிகை விட ஆரம்பிச்சிருக்கு. கட்டாம வெச்சாலும் பட்டு வீணாகும்! அதுக்கப்புறம் வளைகாப்பு, காதுகுத்து, எல்லாத்துக்கும் அக்கா அதைத்தான் கட்டுறா. போன மாசம் பெரியம்மா கேட்டாங்க, "இது கல்யாணத்துக்கு எடுத்ததுதானே?" "ஆமாங்க பெரியம்மா, கட்டறதுக்குத்தானே எடுத்தோம்"னு சொல்லிட்டு அக்கா பந்திக்குப் போயிட்டா.

துணி நீடிச்சு உழைக்க நான் பண்றது ரொம்ப சிம்பிள். உள்பக்கத்தை வெளியே திருப்பி, பச்சைத் தண்ணியில் துவைச்சு, நிழல்ல காயப் போடுவேன். ஜீன்ஸை ஒவ்வொரு தடவையும் துவைக்கிறதில்லை. லீவைஸ் சிஇஓவா இருந்த சிப் பெர்க், தன்னோட ஜீன்ஸை ஒரு வருஷமா வாஷிங் மெஷின்ல போடலைன்னு 2014-ல் சொன்னார். நம்ம ஓஎம்ஆர்ல மே மாசம் அதைச் செஞ்சா ஆபீஸ் கேப்ல பக்கத்துல ஒருத்தனும் உட்கார மாட்டான்!

இதெல்லாம் அப்பாகிட்ட சொன்னேன். முழுசாக் கேட்டுட்டு, "ஏன் சாமி, எல்லாரும் உன்னாட்டம் அஞ்சாறு வருஷம் ஒரே பனியனைப் போட்டா, பனியன் கம்பெனிக்குப் போறவங்க என்ன பண்ணுவாங்க?"ன்னார். நியாயமான கேள்வி. 2011-ல் எங்க வீட்டுல அடுப்பு எப்படி எரிஞ்சதுன்னு எனக்கும் தெரியும். "அஞ்சு மட்டமான துணிக்குப் பதிலா ஒரு நல்ல துணிக்கு, நல்ல கூலி சேர்த்து விலை கொடுத்தா சரியாகுமாப்பா?"ன்னு கேட்டேன். "மொதல்ல அந்த விலைக்கு நீ வாங்கிக் காட்டு"ன்னு சிரிச்சார்.

நீங்க இன்னும் போட்டுக்கிட்டிருக்கிற பழைய துணி எது? வாய்ஸ் நோட் அனுப்புங்க. திருப்பூர்ல வேலை பார்க்கிறவங்க இருந்தா, அப்பா கேட்டதுக்கு உங்க பதிலையும் சொல்லுங்க. அடுத்த எபிசோடுல கேட்கலாம்.