பொன்முகலிக் கரைக் கோபுரங்கள்



பிறந்த மண்ணை விட்டுப் பிற மாநிலங்களிற் குடியேறி வாழும் தமிழர்களாகிய நமக்கு, ஊர் என்றவுடன் நினைவில் முதலில் எழுவது கோபுரமே. புகைவண்டியில் வந்தாலும் பேருந்தில் வந்தாலும், ஊர் நெருங்கிவிட்டது என்பதை நமக்கு அறிவிப்பது அதுவேயன்றோ? வீடும் தெருவும் கண்ணிற் படுமுன்னரே, வயல்களுக்கு அப்பால், தென்னந்தோப்புகளுக்கு மேலே அது தலை நிமிர்ந்து நிற்கும். கோபுர தரிசனம் பாப விமோசனம் என்று நம் பாட்டிமார் கன்னத்திற் போட்டுக்கொள்வர். கோயிலுக்குள் செல்ல இயலாதவனுக்கும், வழிப்போக்கனுக்கும், வயலில் நாற்று நடுபவளுக்கும் தொலைவிலிருந்தே காட்சி தருவது கோபுரம்.

இன்று நாம் நினைவு கூர எடுத்துக்கொண்டவை, திருச்சானூரைச் சூழ்ந்து, பொன்முகலி ஆற்றின் போக்கிலும் அதன் அருகிலும் நிற்கும் சில கோபுரங்கள். தெலுங்கில் சுவர்ணமுகி என வழங்கும் இவ்வாறு, சந்திரகிரியை அடுத்தும் திருச்சானூரை அடுத்தும் ஓடித் திருக்காளத்தியைத் தழுவிக்கொண்டு கீழ்க்கடலுக்குச் செல்கிறது. மழைக்காலத்திலன்றி இதில் நீர் பெருகக் காண்பதரிது. ஆயினும் இதன் கரையிற் பெருகிக் கிடக்கும் வரலாறு என்றும் வற்றியதில்லை.

முதலில் திருச்சானூரையே காண்போம். திருப்பதி நகரிலிருந்து ஏறத்தாழ 5 கிலோமீட்டர்த் தொலைவிலுள்ள இவ்வூரில் பத்மாவதித் தாயார் எழுந்தருளியிருக்கிறார். கார்த்திகைப் பெருவிழாவின் இறுதியில், பஞ்சமி தீர்த்தத்தன்று, பத்ம சரோவரத்தில் நீராட மக்கள் வெள்ளமெனத் திரள்வர். தாயாருக்கு வழங்கும் மற்றொரு பெயரை எண்ணிப் பாருங்கள். அலர்மேல் மங்கை, அதாவது மலர்மேல் உறையும் நங்கை, என்பது தூய தமிழ்ப் பெயர். அதுவே தெலுங்கு மக்களின் நாவில் அலமேலுமங்கை ஆயிற்று. 15ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த தாள்ளபாக்கம் அன்னமாசாரியர், தெலுங்கிற் பாடிய கீர்த்தனங்களில் அப்பெயரையே நெஞ்சுருக அழைத்தார். ஒரு மொழி ஈன்ற பெயரை மற்றொரு மொழி சீராட்டி வளர்த்த வரலாறு இது.

இவ்வூரின் பழம்பெயர் திருச்சோகினூர் என்று கல்வெட்டுக்கள் கூறும். இங்கிருந்த திருவிளங்கோயிற் பெருமானுக்கு விளக்கெரிக்கப் பொன் அளித்த செய்தி, 9ஆம் நூற்றாண்டில், பல்லவ மன்னன் தந்திவர்மன் காலத்தில் பொறிக்கப்பட்டது. அளித்தவர் யார்? சோழநாட்டைச் சேர்ந்த ஒருவர்! வடவேங்கடச் சாரலுக்கு வந்த தென்னாட்டார் ஒருவர், தம் பெயரால் ஓர் ஒளி இங்கே எரிந்துகொண்டிருக்க வேண்டுமென விரும்பியிருக்கிறார். ஊர் விட்டு ஊர் வந்த நம்மவருக்கு இச்செய்தி தனி இன்பம் அளிக்கின்றது. திருச்சானூரை ஒட்டிய யோகிமல்லாவரத்துச் சிவன் கோயிலிலும் சோழர் காலத்துத் தமிழ்க் கல்வெட்டுக்கள் உள்ளன. கோயில் விளக்குகளைச் செவ்வனே எரிக்கத் தவறிய திருமுண்டியத்துச் சபையாரை, முதலாம் இராசேந்திர சோழன் காலத்து அதிகாரி ஒருவர் விசாரித்த செய்தியைத் திருமலைக் கல்வெட்டொன்று தெரிவிக்கிறது. ஒரு விளக்கு அணைந்ததற்கும் கணக்குக் கேட்ட காலம் அது.

திருப்பதி நகரின் நடுவே கோவிந்தராசப் பெருமாள் கோயிற் கோபுரம் ஏழு நிலைகளுடன் ஓங்கி நிற்கிறது. தில்லையிலிருந்து பெயர்க்கப்பட்ட பெருமாளை இராமாநுசர் இங்கே எழுந்தருளச் செய்தார் என்பது வைணவ மரபு. அவ்வாறாயின், அப்பெருமாளும் நம்மைப் போலப் புலம்பெயர்ந்து வந்தவரே. இன்று நாம் காணும் வெளிக்கோபுரத்தை 17ஆம் நூற்றாண்டில் எழுப்பியவர் மட்லி அனந்தராசர் என்னும் தெலுங்குச் சிற்றரசர். தமிழ்நாட்டுத் தில்லையின் நினைவுக்குத் தெலுங்கு மன்னர் ஒருவர் வாயில் எடுத்தார் என்றால், இங்கே எது எவருடையது என்று பிரித்துக் கூற யாரால் இயலும்?

மேற்கே சந்திரகிரியில் விசயநகர மன்னரின் இராச மகால் மூன்று அடுக்குகளுடன் நிற்கிறது. அதன் உச்சியைச் சிறு கோபுரங்கள் அணி செய்கின்றன. 1639ஆம் ஆண்டில் சென்னைக் கடற்கரையில் ஆங்கிலேய வணிகர் கோட்டை கட்டிக்கொள்ள இசைவளித்தவர், அம்மரபின் பேரரசரான வேங்கடரின் ஆளுகைக்கு உட்பட்ட தாமர்ல வேங்கடாத்திரி நாயக்கர் ஆவார். சென்னப்பட்டினம் வளர்ந்த வரலாற்றின் முதல் ஏட்டைப் புரட்டுவோர் சந்திரகிரியை எண்ணாமல் இருத்தல் இயலாது.

இனித் திருக்காளத்திக்கு வருவோம். ஐம்பூதத் தலங்களுள் வாயுத்தலம். கண்ணப்ப நாயனார் தம் கண்ணையே இடந்து அப்பிய இடம். சம்பந்தரும் அப்பரும் சுந்தரரும் பாடிய பதி. அண்மையிலுள்ள தொண்டைமானாட்டில், ஆதித்த சோழனின் நினைவாக அவன் மகன் முதற் பராந்தகன் எடுத்த கோயில் இன்றும் நிற்கிறது. இத்தகைய திருக்காளத்தியில், 1516ஆம் ஆண்டில் கிருஷ்ணதேவராயர் பேரிராசகோபுரம் ஒன்றை எழுப்பினார். ஏழு நிலைகளுடன், நூறடிக்கும் மேல் உயர்ந்து, கோயிலுக்குச் சற்றுத் தள்ளித் தெருவின் நடுவே அது தனித்து நின்றது.

அது இப்போது இல்லை. 2010ஆம் ஆண்டு மே மாதம் 26ஆம் நாள் இரவு அக்கோபுரம் இடிந்து வீழ்ந்தது. ஐந்நூறாண்டு நிறைய ஆறே ஆண்டுகள் எஞ்சியிருந்தன. அடிநிலை கருங்கல்லாலும் மேல்நிலைகள் செங்கல்லாலும் சுண்ணச் சாந்தாலும் அமைவது இத்தகைய கோபுரங்களின் இயல்பு. மழைநீர் உள்ளே கசியும். பறவை இட்ட எச்சத்தில் ஆலும் அரசும் முளைத்து வேர் விடும். வேர் பருக்கப் பருக்கச் சுவர் பிளக்கும். ஆகையால் கோபுரத்தைக் கட்டுவதைக் காட்டிலும் காப்பதே கடினம். காளத்திக் கோபுரத்தில் விரிசல் கண்டிருந்தது. இறுதி நாட்களில் அது அகன்றது. சுற்றியிருந்தோரை முன்னதாகவே அப்புறப்படுத்தியமையால் உயிர்ச்சேதம் நேரவில்லை. ஆயினும் மறுநாட் காலையில் வானத்தில் வெறுமை கண்ட ஊரார் கலங்கினர். வீட்டிலுள்ள முதியவர் ஒருவர் மறைந்தாற் போன்ற துயரம் அது.

பின்னர் அதே இடத்திற் புதிய கோபுரம் எழுப்பப்பட்டு, 2017ஆம் ஆண்டில் குடமுழுக்கு நடைபெற்றது. இங்கே ஒரு கேள்வி எழுகின்றது. புதியது பழையதாகுமா? கிருஷ்ணதேவராயர் கட்டியது போய்விட்ட பின், அவ்வடிவில் எழுந்த மற்றொன்றை அவர் கோபுரமென்று நாம் கொள்ளலாமா?

இக்கேள்விக்கு விடை தேடக் கடல் கடந்து இங்கிலாந்து வரை சென்று வருவோம். அந்நாட்டுச் சிற்றூர்களிலும் நம் ஊர்களைப் போலவே தொலைவிலிருந்து முதலில் தெரிவது தேவாலயக் கோபுரமே. அதில் தொங்கும் மணிகள் திருமணத்துக்கும் ஒலிக்கும், சாவுக்கும் ஒலிக்கும். 1940ஆம் ஆண்டு சூன் மாதத்தில், பகைவர் படை இறங்கினாலன்றி மணி ஒலித்தல் கூடாதென அரசாங்கம் தடை விதித்தது. 1942ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், எல் அலமெய்ன் வெற்றியைக் கொண்டாட அவை மீண்டும் ஒலித்தபோது, ஊமையாயிருந்த ஊர்கள் வாய் திறந்தாற் போலிருந்திருக்கும்.

அந்நாட்டின் தென்பகுதியில் சிச்செஸ்டர் என்றொரு நகர் உண்டு. அதன் பேராலயக் கூர்ங்கோபுரத்தைத் தாங்கிய தூண்களில் விரிசல் கண்டது. தொழிலாளர் முட்டுக் கொடுத்துப் பார்த்தனர், பயனில்லை. 1861ஆம் ஆண்டு பிப்ரவரி 21ஆம் நாள் அது தனக்குள்ளேயே அமிழ்வது போல வீழ்ந்தது. காளத்தியிற் போலவே அங்கும் எவரும் இறக்கவில்லை. கில்பர்ட் ஸ்காட் என்னும் கட்டடக் கலைஞரின் பொறுப்பில், பழைய வடிவிலேயே, சில அடி உயர்த்தி, 1866ஆம் ஆண்டில் மீண்டும் எழுப்பினர். இன்று அக்கோபுரமே அந்நகரின் அடையாளம். வீழ்ந்த செய்தியையும் எழுந்த செய்தியையும் அவ்வூரார் மறவாது சொல்லி வருவதால், கல் மாறினும் கோபுரம் மாறவில்லை.

இதிலிருந்து நாம் அறிவது யாது? கல்லும் சாந்தும் மட்டும் கோபுரமாகா. அதனைச் சுற்றியுள்ள நினைவும் சேர்ந்ததே கோபுரம். சொல்வார் உள்ளவரை வீழ்ந்த கோபுரமும் நிற்கும்; சொல்வார் அற்றுப்போனால் நிற்கின்ற கோபுரமும் வெறுங்கல்லே. ஆங்கிலேயர் 1899ஆம் ஆண்டில், தம் மாவட்டங்களின் வரலாற்றை ஊர் ஊராக ஆராய்ந்து எழுதும் பெருந்தொகுதி ஒன்றனைத் தொடங்கினர். விக்டோரியா அரசியாரின் பெயர் தாங்கிய அப்பணி நூறாண்டு கடந்தும் தொடர்ந்தது. நமக்குத் தலபுராணங்கள் பலவுள. தேவர் வந்ததும் முனிவர் தவம் செய்ததும் அவற்றிற் காணலாம். ஊரார் வாழ்ந்த கதையோ கல்வெட்டிலும் கிழவர் நாவிலுமே தங்கிக் கிடக்கின்றது.

அக்கல்வெட்டுக்களைப் பற்றி ஒரு சொல். திருமலையிலும் திருப்பதியிலும் அவற்றைச் சூழ்ந்த கோயில்களிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுக்கள் கிடைத்துள்ளன. அவற்றுட் பெரும்பான்மை தமிழே. சாது சுப்பிரமணிய சாஸ்திரியார் முதலியோரின் உழைப்பால், 1930களில் தேவஸ்தானம் அவற்றைத் தொகுதிகளாக வெளியிட்டது. சுவரிலும் எழுத்து உள்ளது, நூலிலும் உள்ளது. ஆனால் அச்சுவரை ஒட்டி வரிசையில் நிற்கும் நம் பிள்ளைகளுள் எத்தனை பேருக்கு இன்றைய தமிழ் எழுத்தையேனும் படிக்கத் தெரியும்? பள்ளியில் அவர்கள் தெலுங்கோ கன்னடமோ இந்தியோ பயில்கின்றனர். அது முறையே, வாழும் நிலத்தின் மொழியைக் கல்லாதவன் அந்நிலத்தில் என்றும் விருந்தாளியாகவே இருப்பான். ஆனால் வீட்டு மொழியின் எழுத்தை மறந்தவனோ, தன் வீட்டிலேயே விருந்தாளி ஆகிவிடுவான்.

வேங்கடத்தைத் தமிழகத்தின் வடவெல்லையாகத் தொல்காப்பியப் பாயிரம் கூறுவதை நாம் அறிவோம். 1953ஆம் ஆண்டில் ஆந்திர மாநிலம் அமைந்தபோது, ம.பொ.சி., மங்கலங்கிழார் முதலியோர் வடக்கெல்லைக்காகப் போராடினர். 1960ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. திருப்பதியும் காளத்தியும் சித்தூரும் ஆந்திரத்திலேயே நின்றன. அக்கோடு வரையப்பட்டு இரு தலைமுறைகள் கடந்தன. 2022ஆம் ஆண்டில் திருப்பதி தனி மாவட்டமும் ஆயிற்று. கோட்டின் எப்புறத்தில் எந்த ஊர் என்ற வழக்கு இனி நமக்கு வேண்டா. கோட்டின் இருபுறத்தும் நிற்கும் சுவர்களைப் படிக்கவல்லார் உளரா என்பதே இன்றைய வினா. நிலத்தின்மீதுள்ள உரிமையைச் சட்டம் அளிக்கும். நினைவின்மீதுள்ள உரிமையை நாமே உழைத்துத்தான் பெறவேண்டும்.

அதற்குப் பெரும்பொருள் தேவையில்லை. பெங்களூரில் வாழினும் மும்பையில் வாழினும், நம் வீட்டு முதியவரிடம் அமர்ந்து, அவர் கண்ட கோபுரத்தைப் பற்றிக் கேட்டு எழுதி வைப்போம். தேர் எந்தத் தெருவில் திரும்பியது, குளத்தில் நீர் எதுவரை நின்றது, திருவிழாவுக்கு யார் யார் எங்கிருந்து வந்தனர் என்பவற்றை ஆண்டுடன் குறித்துக்கொள்வோம். பிள்ளைகளைத் திருச்சானூருக்கு அழைத்துச் செல்லும்போது, தரிசனம் முடிந்ததும் திரும்பிவிடாமல், யோகிமல்லாவரத்துச் சுவரருகே சிறிது நேரம் நிற்போம். அதன் பழைய எழுத்துள் ஒன்றிரண்டையேனும் அவர்கள் இனங்கண்டு வாய்விட்டுப் படிக்கட்டும்.

சோழநாட்டிலிருந்து வந்து திருச்சோகினூரில் விளக்கேற்றியவர், தாம் எந்த மாநிலத்தில் நிற்கிறோம் என்று எண்ணியிருக்க மாட்டார். ஆயிரத்திருநூறு ஆண்டுகளுக்குப் பின்னும் அவர் செய்த அறத்தை நாம் அறிகிறோம் என்றால், அதனைக் கல்லில் எழுத ஒருவரும், கண்டு படிக்க ஒருவரும் இருந்ததே காரணம். எழுதுவோர் நிரையிலும் படிப்போர் நிரையிலும் நம் பிள்ளைகள் நிற்பார்களாக.