கூட நிற்க ஓர் ஆள்

கற்றல் மையத்துக்கு வந்திருக்கும் அம்மாமார்களே, அய்யாமார்களே, அக்கா, அண்ணன்மார்களே!

பகல் முழுவதும் பாடுபட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். அதனால் நான் நீட்டி முழக்கப் போவதில்லை. ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். இது கற்பனைக் கதை அல்ல. நம் நாட்டில் நடந்தது.

கேரளத்தில் கோழிக்கோடு மாவட்டம் இருக்கிறது. அங்கே கடலோரத்தில் பய்யோளி என்று ஓர் ஊர். அந்த ஊரில் வளர்ந்தவர் பி.டி. உஷா. 1964-ஆம் ஆண்டு பிறந்தவர். வீட்டில் வசதி கிடையாது. சின்ன வயதில் உடம்பும் சரியில்லை. ஆனால் ஓட்டம் என்றால் அவருக்கு உயிர்.

பொம்பளைப் பிள்ளைக்கு ஓட்டம் எதற்கு? ஓடினால் சோறு கிடைக்குமா? நம்மில் பலர் இப்படித்தானே கேட்போம்?

1976-ல் கேரள அரசு கண்ணூரில் பெண்பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டுப் பள்ளி தொடங்கியது. உஷா அதில் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 12. அங்கே பயிற்சி கொடுத்தவர் ஓ.எம். நம்பியார். அவர் முன்பு விமானப்படையில் வேலை பார்த்தவர். அவரும் ஓட்டக்காரர்தான்.

உஷா ஒல்லியான பெண். ஆனால் அவர் நடக்கும் வேகத்தை நம்பியார் கவனித்தார். இந்தப் பிள்ளையால் முடியும் என்று நம்பினார். நாள்தோறும் பயிற்சி கொடுத்தார். பய்யோளிக் கடற்கரையில் ஓட வைத்தார். மணலில் ஓடுவது லேசான வேலையா? கால் புதையும். ஓரடி எடுத்து வைக்கவே தெம்பு வேண்டும். அந்த மணலில் பழகிய கால் கெட்டித் தரையில் பறக்கும்.

1984-ல் அமெரிக்காவில், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில், ஒலிம்பிக் போட்டி நடந்தது. உலக நாடுகள் எல்லாம் கூடும் போட்டி அது. அதில் பெண்களுக்கான தடை ஓட்டம் வைத்தார்கள். 400 மீட்டர் தூரம் ஓட வேண்டும். வழியில் 10 தடைகள் இருக்கும். ஒவ்வொன்றும் இரண்டரை அடி உயரம். தாண்டித் தாண்டி ஓட வேண்டும். உஷாவை இந்த ஓட்டத்துக்குத் திருப்பியவர் நம்பியார்தான்.

கடைசிச் சுற்றில் என்ன நடந்தது? மூன்றாவதாக வந்தவர் ருமேனியா நாட்டுப் பெண். அவர் எடுத்துக்கொண்ட நேரம் 55.41 நொடி. உஷா எடுத்துக்கொண்ட நேரம் 55.42 நொடி. நான்காவது இடம். பதக்கம் இல்லை.

ஒரு நொடி என்பது எவ்வளவு நேரம்? “அம்மா” என்று ஒரு தடவை சொல்லும் நேரம். அதை நூறு பங்கு போடுங்கள். அதில் ஒரே ஒரு பங்கு. அந்த ஒரு பங்கில் பதக்கம் கைவிட்டுப் போனது.

எட்டு வருட உழைப்பு வீணா? அப்படி அவர்கள் நினைக்கவில்லை. நம்பியார் பயிற்சியை நிறுத்தவில்லை. உஷா ஓட்டத்தை விடவில்லை. அடுத்த வருடம், 1985-ல், ஜகார்த்தா நகரில் ஆசிய தடகளப் போட்டி நடந்தது. உஷா 5 தங்கப் பதக்கம் வாங்கினார். 1986-ல் சியோல் நகரில் ஆசிய விளையாட்டு நடந்தது. அங்கே 4 தங்கம் வாங்கினார்.

1985-ல் நம் அரசு துரோணாச்சாரியார் விருது கொடுக்கத் தொடங்கியது. பயிற்சி கொடுப்பவர்களுக்கான விருது அது. முதல் வருடமே விருது பெற்றவர்களில் நம்பியாரும் ஒருவர். 2021-ல் பத்மஸ்ரீ விருதும் கிடைத்தது. அதே வருடம் அவர் காலமானார்.

உஷா தனக்குக் கிடைத்ததைத் தன்னோடு வைத்துக்கொள்ளவில்லை. 2002-ல் கேரளத்தில் ஓட்டப் பயிற்சிப் பள்ளி ஒன்று தொடங்கினார். அங்கே படித்த டிண்டு லூக்கா என்ற பெண், 2014-ல் ஆசிய விளையாட்டில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளிப் பதக்கம் வாங்கினார். ஒரு விளக்கில் இருந்து அடுத்த விளக்கை ஏற்றுகிற மாதிரி!

சரி, இதில் நமக்கு என்ன இருக்கிறது?

உஷா விளையாட்டுப் பள்ளியில் சேர்ந்தது 12 வயதில். நம்மில் பல வீடுகளில் பெண்ணைப் பள்ளியில் இருந்து நிறுத்துவதும் அந்த வயதில்தான். தம்பி, தங்கையைப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறோம். வேலைக்கு அனுப்புகிறோம். 18 வயது ஆகும் முன்பே கல்யாணப் பேச்சும் எடுக்கிறோம். அந்தப் பிள்ளைக்குள் என்ன இருந்தது என்று நமக்குத் தெரியாமலே போகிறது.

எல்லாப் பிள்ளைகளும் உஷா ஆக முடியாது. ஆக வேண்டியதும் இல்லை. ஆனால் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஏதோ ஒன்றில் ஆசை இருக்கும். ஒன்று கரித்துண்டால் சுவரில் படம் போடும். ஒன்று ரேடியோவைக் கழற்றிப் பார்க்கும். ஒன்று தட்டைத் தட்டித் தாளம் போடும். “கிறுக்கு வேலை” என்று நாம் திட்டுகிறோம். அங்கேதான் விளக்கு அணைகிறது.

நாம் செய்யக்கூடியது நான்கு.

ஒன்று: பிள்ளை எதை விரும்பிச் செய்கிறது என்று கவனியுங்கள். கேலி செய்யாதீர்கள்.

இரண்டு: அந்த வேலை தெரிந்தவரைத் தேடுங்கள். பள்ளி ஆசிரியராக இருக்கலாம். தையல்காரராக, தச்சராக இருக்கலாம். உங்கள் பிள்ளைக்கு வாரம் ஒரு மணி நேரம் கேளுங்கள்.

மூன்று: பிள்ளை யாரிடம் போகிறது, எங்கே போகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். நீங்களும் போய்ப் பாருங்கள். “பிடிக்கவில்லை, பயமாக இருக்கிறது” என்று பிள்ளை சொன்னால் நம்புங்கள்.

நான்கு: தோற்று வரும் நாளில் ஏசாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். அன்றைக்குத்தான் கூட நிற்க ஆள் வேண்டும்.

இதற்கெல்லாம் பெரிய படிப்பு வேண்டாம். இப்போது உங்களுக்கு எழுத்தும் தெரியும். பள்ளியில் இருந்து ஓர் அறிவிப்பு வந்தால் படிக்கலாம். பயிற்சிக்கு விண்ணப்பம் வந்தால் நீங்களே வாசித்துக் கையெழுத்துப் போடலாம். பெருவிரல் மை வைத்த காலம் போய்விட்டது.

இன்று இரவு வீட்டில் ஒரு கேள்வி கேளுங்கள். “உனக்கு எது ரொம்பப் பிடிக்கும்?” பதில் வரும்வரை பொறுமையாக இருங்கள். நாளை அந்தப் பதிலை நோட்டில் எழுதி வாருங்கள். எல்லோரும் வாசிப்போம்.



பேசுவோம்:
1. உஷா பதக்கத்தை எவ்வளவு நேரத்தில் தவறவிட்டார்?
2. சின்ன வயதில் உங்கள் கூட நின்றவர் யார்?
3. நம் தெருவில் யாருக்கு என்ன கைவேலை தெரியும்? ஒரு பட்டியல் எழுதுங்கள்.