மரத் தளத்தைக் காப்போம்



அந்தமானில் ஆண்டில் பல மாதம் மழை. அங்கே பழைய மரவீடுகளில் பலகைத் திண்ணை உண்டு. படாக் மரம் மிக உறுதியானது. மழையைத் தாங்கும். ஆனால் நீர் தேங்கினால் எந்த மரமும் கெடும். இற்றுப்போன பலகை ஒரு நாள் உடையும். குழந்தையின் கால் உள்ளே போகும்.

என்ன செய்யலாம்?

காய்ந்த பலகையையே வாங்குங்கள். இரு பலகைக்கு நடுவே 5 மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள். நீர் வடியும். மரம் உப்பவும் இடம் இருக்கும். பலகையும் தாங்கும் கட்டையும் மண்ணைத் தொட வேண்டாம். தொட்டால் ஈரமும் கரையானும் ஏறும். அடியில் காற்று போகட்டும்.

முதலில் துளை போட்டுப் பிறகு திருகாணி முடுக்குங்கள். மரம் பிளக்காது. இரும்பு ஆணி கறுப்புக் கறை விடும். எவர்சில்வர் திருகாணி நல்லது. வெட்டிய முனையில் மெழுகு பூசுங்கள். வெடிப்பு குறையும்.

வெயிலில் மரம் சாம்பல் நிறமாகும். பயம் வேண்டாம். அது அழுகல் அல்ல. சந்தேகம் வந்தால் திருப்புளியால் குத்திப் பாருங்கள். சுலபமாக இறங்குகிறதா? அந்தப் பலகையை உடனே மாற்றுங்கள்.

பாசி வழுக்கும். துடைப்பத்தால் தேய்த்துக் கழுவுங்கள். இடுக்கில் சேரும் இலைகளை வாரம் ஒருமுறை எடுங்கள்.

இன்று ஒரு பலகையை மாற்றுவோம். நாளை ஒருவர் கால் உடையாமல் காப்போம்.