புல்லுக்குப் பூட்டுப் போட்டவர்கள்

(மாசாய் மக்களின் மேய்ச்சல் நிலம் குறித்து ஆற்றிய உரை)

கிழக்கு ஆப்பிரிக்காவில் கென்யா, டான்சானியா ஆகிய இரு நாடுகளிலும் மாசாய் மக்கள் வாழ்கிறார்கள். மாடும் ஆடும்தான் அவர்களது ஜீவனம். ஊர் ஊராய் அலைகிறவர்கள், முன்னேற்றத்துக்கு லாயக்கற்றவர்கள் என்று வெள்ளைத் துரைமார்கள் அவர்களை இகழ்ந்தார்கள். அது நியாயமா என்று பார்ப்போம்.

அந்த நாட்டில் மழை எங்கும் ஒன்றுபோல் பெய்யாது. குன்றுக்கு இந்தப் பக்கம் பெய்யும். அந்தப் பக்கம் காயும். ஆகவே மழைக்காலத்துக்கு ஒரு புல்வெளி, வறட்சிக்கு ஒரு புல்வெளி என்று மந்தையை மாற்றுகிறார்கள். வறட்சிக்கென ஒதுக்கிய புல்லை மழைக்காலத்தில் எவரும் தொடக்கூடாது. இது பெரியவர்கள் கூடி வைக்கும் கட்டுப்பாடு. கன்றுகளுக்கும் நோயுற்ற மாடுகளுக்கும் குடியிருப்பின் அருகிலேயே தனிப் புல்தரை உண்டு. அதன் பெயர் ‘ஒலோபொலோலி’. இதுவா அலைச்சல்? இது கணக்குப் பார்த்துச் செய்யும் தொழில்! நிலம் பொதுவாக இருந்தால்தான் இந்தக் கணக்கு நடக்கும்.

அந்த நிலம் என்னவாயிற்று? 1904-ல் பிரிட்டிஷார் ஓர் ஒப்பந்தம் போட்டு, நல்ல புல்லும் நீரும் உள்ள பிளவுப் பள்ளத்தாக்கிலிருந்து மாசாய்களை வெளியேற்றினார்கள். லைக்கிப்பியாவிலும் தெற்கிலும் கொடுக்கும் நிலம் என்றென்றைக்கும் உங்களுடையது என்றார்கள். ஏழே ஆண்டுகள்! 1911-ல் லைக்கிப்பியாவையும் பறித்தார்கள். மாசாய்கள் 1913-ல் கோர்ட்டுக்குப் போனார்கள். இது இரு அரசுகளுக்கிடையேயான ஒப்பந்தம், இதை விசாரிக்க எங்களுக்கு அதிகாரமில்லை என்று கோர்ட் கையை விரித்தது. எல்லைக்கு அப்பால் 1959-ல், வனவிலங்குகளைக் காக்கிறோம் என்று சொல்லி, செரெங்கெட்டியிலிருந்து மாசாய்களை அகற்றினார்கள். அந்த விலங்குகளோடு தலைமுறை தலைமுறையாய் வாழ்ந்தவர்கள் யார் என்று எவரும் கேட்கவில்லை.

கென்யா விடுதலை பெற்றபின் 1968-ல் ஒரு சட்டம் வந்தது. அதன்படி மேய்ச்சல் நிலம் குழுக்களின் பெயரில் பதிவாயிற்று. ஆனால் உறுப்பினர் பட்டியலில் பெரும்பாலும் ஆண்கள் பெயரே ஏறிற்று. 1980-களில் பல குழுக்கள் நிலத்தைத் துண்டு துண்டாய்ப் பங்கு போட்டன. பல இடங்களில் கமிட்டிக்காரர்களுக்கும் அவர்களைச் சேர்ந்தவர்களுக்கும் பெரிய துண்டு கிடைத்தது. மழை பெய்யாத துண்டை வைத்துக்கொண்டு ஏழை என்ன செய்வான்? கடனுக்கும் பசிக்கும் விற்றான். வெளியார் வாங்கி வேலி போட்டார்கள்.

எல்லோரும் அப்படிச் செய்யவில்லை. மகாடி ஏரிக்கு அருகே ஒல்கிராமாத்தியான், ஷொம்போலே என்ற குழுக்கள், அக்கம்பக்கத்தில் பங்கு போட்டபோதும் நெடுங்காலம் நிலத்தைப் பிரிக்காமல் காத்தன. வறட்சிக்கென ஒரு பகுதியை விட்டுவைத்தன. மழைக்காலத்தில் மந்தை அங்கே போகாது. காட்டு விலங்குகள் மேயும். அதைப் பார்க்க வருகிறவர்கள் கொடுக்கும் பணம் குழுவுக்கு வருமானம். வறட்சி வந்தால் அதே புல் மந்தையைக் காக்கும். பழைய கட்டுப்பாடும் புதிய வருமானமும் ஒரே நிலத்தில்! லைக்கிப்பியாவில் இல் ங்வேசி குழுவினர் 1996-ல் தங்கள் நிலத்தில் தாங்களே விடுதி நடத்தத் தொடங்கினார்கள்.

2016-ல் கென்யாவில் சமூக நிலச் சட்டம் வந்தது. பெண்களும் சம உறுப்பினர்கள் என்றது. சமூக நிலத்தைக் கைமாற்ற வேண்டுமானால் சபையில் மூன்றில் இரு பங்கினர் சம்மதிக்க வேண்டும் என்றது. ஆனால் டான்சானியாவில் 2022 ஜூனில் லொலியொண்டோவில் சர்க்கார் 1,500 சதுர கிலோமீட்டரை வனவிலங்குக்கென எல்லைக் கல் நட்டுப் பிரிக்கப் போனது. எதிர்த்தவர்கள் மீது துப்பாக்கி வெடித்தது. ஒரு போலீஸ்காரரும் மாண்டார்.

தோழர்களே! அபிவிருத்தி வேண்டாம் என்று மாசாய்கள் சொல்லவில்லை. பள்ளிக்கூடமும் வேண்டும், ஆஸ்பத்திரியும் வேண்டும், மாட்டுக்கு மருந்தும் வேண்டும். அவர்கள் கேட்பது ஒன்றே: எந்தப் புல்வெளியை மூடுவது, எப்போது திறப்பது என்று தீர்மானிக்கும் உரிமை அங்கே மாடு மேய்ப்பவர்கள் கையில் இருக்கட்டும். அந்த உரிமையைப் பறித்துவிட்டுக் கொடுக்கும் அபிவிருத்தி, மாட்டைப் பிடுங்கிக்கொண்டு கயிற்றைக் கொடுப்பதற்குச் சமம்!