மேயர் அங்கியும் மாநகர அதிகாரமும்



2022இல் சென்னை மேயராக ஒரு தலித் பெண் முதன்முறையாகப் பொறுப்பேற்றார். நாம் மகிழ்ந்தோம், மகிழ வேண்டிய செய்திதான். அந்த நாற்காலிக்கு என்ன அதிகாரம் இருக்கிறது என்பதைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். அதற்கு அந்த அங்கியும் சங்கிலியும் எங்கிருந்து வந்தன என்று பார்க்க வேண்டும்.

லண்டன் நகரத்தின் முதல் மேயர் 1189இல் பதவிக்கு வந்ததாகச் சொல்வார்கள். 1215இல் ஜான் மன்னன், ஆண்டுதோறும் மேயரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை நகரத்தாருக்குக் கொடுத்தான். ஆனால் யார் அந்த நகரத்தார்? துணி வணிகர், மளிகை வணிகர், பொற்கொல்லர் எனத் தொழில்வாரியாக அமைந்த சங்கங்களின் உறுப்பினர்கள். உள்ளே நுழைய மூன்று வழிகள்: தந்தை உறுப்பினராக இருக்க வேண்டும், அல்லது உறுப்பினர் ஒருவரிடம் தொழில் பழக வேண்டும், அல்லது பணம் கட்ட வேண்டும். இது சாதி அல்ல. ஆனால் பிறப்பால் கிடைக்கும் உரிமை என்றால் என்னவென்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அந்தச் சங்கத்தார்தான் இன்றும் லார்டு மேயர் தேர்தலில் வாக்களிக்கிறார்கள்.

மதமும் ஒரு வேலியாக இருந்தது. யூதரான டேவிட் சாலமன்ஸ் நகர மன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டும், கிறித்தவ உறுதிமொழி எடுக்காததால் பதவியேற்க முடியவில்லை. 1845இல் சட்டத்தை மாற்றினார்கள். 1855இல் அவரே லார்டு மேயரானார்.

டப்ளினில் பெரும்பான்மை மக்கள் கத்தோலிக்கர்கள். மாநகராட்சியோ புராட்டஸ்டண்ட்டுகளின் கையில். 1793லேயே சட்டத்தடை நீங்கியது. ஆனாலும் உள்ளே இருந்தவர்கள் கதவைத் திறக்கவில்லை. 1840இல் புதிய நகராட்சிச் சட்டம் வந்த பிறகே, 1841இல் டேனியல் ஓ'கானல் லார்டு மேயரானார். ஏறத்தாழ 150 ஆண்டுகளில் அப்பதவிக்கு வந்த முதல் கத்தோலிக்கர் அவர். சட்டம் அனுமதிப்பது வேறு, கதவு திறப்பது வேறு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

கதை அத்துடன் முடியவில்லை. விடுதலைக்குப் பின் வந்த அயர்லாந்து அரசு 1924இல் டப்ளின் மாநகராட்சியைக் கலைத்தது. 1930இல் மாநகராட்சி திரும்பி வந்தபோது, நிர்வாகம் நகர மேலாளர் என்ற அதிகாரியிடம் போனது. லார்டு மேயருக்குச் சங்கிலி, மாளிகை, கூட்டத்தலைமை. இன்றும் ஏறத்தாழ அதே நிலைதான்.

இப்போது நம் ஊருக்கு வருவோம். கிழக்கிந்தியக் கம்பெனி 1688இல் சென்னை மாநகராட்சியைத் தொடங்கியது. மேயர், ஆல்டர்மேன் என எல்லாம் இங்கிலாந்திலிருந்து இறக்குமதி. இடையில் மறைந்துபோன மேயர் பதவி 1933இல் திரும்ப வந்தது. 1945இல் அந்த நாற்காலியில் அமர்ந்தவர், அகில இந்திய பட்டியல் சாதிகள் கூட்டமைப்பின் தலைவர் ந. சிவராஜ். இன்று அரசமைப்பின் 243டி பிரிவு, நகர்ப்புற வார்டுகளில் பட்டியல் சாதியினருக்கும் பெண்களுக்கும் இடஒதுக்கீட்டைக் கட்டாயமாக்குகிறது. போராடிப் பெற்ற உரிமை இது. ஒரு அங்குலமும் விட்டுக்கொடுக்க முடியாது.

ஆனால் நிர்வாக அதிகாரம் யாரிடம் இருக்கிறது? மாநில அரசு நியமிக்கும் ஆணையரிடம். டப்ளினின் நகர மேலாளரை இங்கே ஐ.ஏ.எஸ். அதிகாரி வடிவில் பார்க்கிறோம்.

2025 ஆகஸ்டில் ரிப்பன் மாளிகை வாசலில் தூய்மைப் பணியாளர்கள் இரவு பகலாக உட்கார்ந்திருந்தார்கள். பெரும்பாலோர் தலித்துகள், அதிலும் பெண்கள் அதிகம். தங்கள் மண்டலங்களின் தூய்மைப் பணியைத் தனியாரிடம் கொடுக்காதே என்று கேட்டார்கள். 13ஆம் நாள் நள்ளிரவில் போலீஸ் அவர்களை அப்புறப்படுத்தியது. மாளிகைக்குள் தலித் பெண் மேயர், வாசலில் தலித் பெண் தொழிலாளர்கள். இது ஒரு தனிமனிதரின் குறை என்று பேசி முடித்துவிட்டால், பதவியைச் சடங்காக வைத்திருக்கும் ஏற்பாடு தப்பித்துக்கொள்ளும்.

வேறு வழி இல்லாமல் இல்லை. கொல்கத்தாவில் 1980ஆம் ஆண்டுச் சட்டம், மேயரும் உறுப்பினர்களும் அடங்கிய மேயர் குழுவிடம் நிர்வாகப் பொறுப்பைக் கொடுத்தது. குறை இல்லாத முறை அல்ல. ஆனால் அங்கே கேள்வி கேட்க மக்களுக்கு ஒரு முகவரி இருக்கிறது.

ஆகவே தோழர்களே, பிரதிநிதித்துவம் வேண்டும் என்பதோடு நம் முழக்கம் நிற்கக் கூடாது. நாற்காலி நமக்கு வரும்போது, ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் பேனாவும் கூடவே வர வேண்டும். அடுத்த மாநகராட்சித் தேர்தலில் உங்கள் வார்டுக்கு ஓட்டு கேட்டு வருகிறவர்களிடம் இதைக் கேளுங்கள்: தூய்மைப் பணியைத் தனியாருக்குக் கொடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யும் அதிகாரம் மாமன்றத்துக்கு வர நீங்கள் என்ன செய்வீர்கள்?

ஜெய்பீம்.